பள்ளிக்கூடத்தில் யாரிடம் சொல்வது?

எங்கள் பள்ளியில் ஹெச்.எம். அறைக்கு வெளியே சுவரில் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். 14417, 1098. முதலாவது பள்ளிக் கல்வித்துறையின் உதவி மையம், 2018-ல் வந்தது, பரீட்சை பயம், மேற்படிப்பு, பள்ளியில் யாராவது தொந்தரவு செய்வது என எதைப் பற்றியும் பேசலாம். இரண்டாவது குழந்தைகளுக்கான அவசர உதவி. மனநல ஆலோசனைக்கென்றே 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸும் இருக்கிறது, 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எல்லாம் நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாது. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும், இல்லையென்றால் அண்ணன் கையில் இருக்கும். அந்த அண்ணனிடமே போனை வாங்கி, அந்த அண்ணனைப் பற்றியே எட்டாம் வகுப்புப் பெண் எப்படிப் பேசுவாள்?

நான் அறிவியல் ஆசிரியை. தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, ஏறக்குறைய 600 பிள்ளைகள். மாணவர் மனநலம் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தப் பேச்சே கிடையாது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் பேச்சு முழுக்க ஓர் எண், ஒரு பெட்டி, ஒருநாள் பயிற்சி என்ற மூன்றையே சுற்றிவருகிறது. பெட்டி என்றது ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி. பூட்டு போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கும். அதில் யார் சீட்டு போடுகிறார்கள் என்று வராந்தாவில் நிற்கிற எல்லோரும் பார்க்கலாம், அதனால் திறந்தால் பெரும்பாலும் கிடைப்பது பாத்ரூமில் தண்ணி வரல, இன்னார் பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடறான், அப்புறம் சில சாக்லேட் தாள்கள். பயிற்சி என்றால் வட்டார வள மையத்தில் புரொஜெக்டர், டீ, வடை, கையெழுத்து.

மனசு சரியில்லை என்று எந்தப் பிள்ளையும் வந்து நிற்பதில்லை. வயிற்றுவலி என்றுதான் வரும். திங்கட்கிழமை வயிற்றுவலி, பரீட்சை அன்றைக்கு வாந்தி, காலை பிரேயரில் மயக்கம். மயங்கி விழுந்தால் முதலில் கேட்பது சாப்பிட்டியா என்பதுதான், அதில் தப்பில்லை, நிறைய நேரம் காரணம் அதுவாகவே இருந்தது. காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுவதால் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் மறுபடி வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறார்கள். ஆனால் சாப்பிட்ட பிறகும் விழுகிற பிள்ளைகள் உண்டு. அப்போது வீட்டில் சொல்வது காத்துக் கருப்பு பட்டிருக்கும், முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கணும். கையில் புதுத் தாயத்தோடு ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அந்த வீட்டில் இவளை ஒருமுறையாவது கவனித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தாயத்தை நான் கேலி செய்வதில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டார்களே, அதற்கெல்லாம் பிறகு அங்கே தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு வந்தது. ஜனங்கள் எங்கே வருகிறார்களோ அங்கேயே மருத்துவம் போக வேண்டும் என்ற எளிமையான யோசனை. பிள்ளைகள் தினமும் வருகிற இடம் பள்ளிக்கூடம். இங்கே ஏன் அது இல்லை?

எத்தனை பிள்ளைகளுக்கு உதவி தேவைப்படும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெங்களூரில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுக்குள் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பவர்கள் 7.3 சதவீதம். ஒரு சராசரியை அப்படியே ஒரு பள்ளிக்கூடத்தின் தலையில் வைப்பது சரியான கணக்கல்ல, தெரியும். இருந்தாலும் வைத்துப் பாருங்கள், எங்கள் 600 பேரில் 40-க்கு மேல் வருகிறது, ஒரு முழு வகுப்பறை. அது கோவிடுக்கு முந்தைய கணக்கு வேறு. அதற்குப் பிறகு என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் நாடு முழுக்க மூன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டதில், பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, பரீட்சை, ரிசல்ட் என்று சொன்னவர்கள் 81 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? எனக்குத் தோன்றுவது, பிள்ளைகளுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவதற்கு முன்னால் பரீட்சையைக் கொஞ்சம் சரிசெய்யலாமே என்பதுதான்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல பழைய அனுபவம் இருக்கிறது, மனநலம் என்ற பெயரில் யாரும் அதைச் சேர்த்துப் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். எங்கள் காலத்தில் பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ ஒரு பாடம் போனால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள், ஊரே ‘ஃபெயிலாகிட்டான்’ என்று பேசி முடித்துவிடும், ஒரு வருஷம் போயே போச்சு. சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியதும் ஒரு காரணமாக, 2000-களின் தொடக்கத்தில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. மே மாதம் ரிசல்ட், அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் மறுபடி எழுதி, பாஸானால் அதே வருஷம் கல்லூரி. இதற்கு கவுன்சிலர் வேண்டாம், கட்டடம் வேண்டாம், ஒரு தேர்வு அட்டவணையை மாற்றினால் போதும். ரிசல்ட் அன்று நான் இப்போது பிள்ளைகளிடம் முதலில் சொல்கிற வாக்கியம் “ஜூன்ல எழுதலாம், நானே அப்ளிகேஷன் போட்டுத் தரேன்” என்பதுதான். எந்த ஆறுதல் வார்த்தைக்கும் அந்த ஒரு தேதிக்கு இருக்கிற பலம் இல்லை.

அதே மாதிரிதான் 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியது. அதுவரை ரிசல்ட் அன்று டி.வி.யில் லட்டு ஊட்டுகிற காட்சிதான் ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே 312 மார்க் எடுத்த பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். அதே வருஷம் இன்னொரு கையால் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானது, பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாவதையே உருட்டிக்கொண்டிருந்தன. ஆனால் அவர்கள் செய்த தில்லுமுல்லுக்கு எங்கள் பிள்ளைகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதினார்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போனது. நடுவில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஓர் அறிவிப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வு என்று யோசித்தவர்கள் யாரென்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

மேலே அரசாணையில் மாறியது கீழே வகுப்பறையில் மாறிவிட்டதா என்றால் அதுதான் இல்லை. மாநில ரேங்க் போய்விட்டது, ஆனால் ரிவிஷன் டெஸ்ட் ரேங்க்கை பிரேயரில் வாசிக்கிற வழக்கம் பல பள்ளிகளில் நிற்கவில்லை. பிள்ளைகளை ‘மெல்லக் கற்போர்’ என்று தனியாகப் பிரித்து உட்காரவைக்கிறோம். நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த அறைக்குள் போகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாகச் சுற்றிப்போகும். இன்னும் மோசமானது டி.சி. விவகாரம். தேர்ச்சி சதவீதம் குறைந்தால் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ. ஆபீஸில் ஹெச்.எம்.மை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள், ஹெச்.எம். எங்களைக் கேட்பார், நாங்கள் பிள்ளையைக் கேட்போம், பிள்ளைக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் “இவன் பத்தாவது தேறமாட்டான், ஐ.டி.ஐ. பாருங்க, டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க” என்று அப்பாவிடம் தன்மையாகச் சொல்கிற பள்ளிகளை எனக்குத் தெரியும். அந்தப் பையன் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பு போய்விட்டது, வாய் இருக்கிறது.

சரி, இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் யாரிடமாவது சொல்கிறார்களா? சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் முதலில் சொல்வது சத்துணவு அக்காவிடம். எந்தப் பெண் ரெண்டு நாளாகச் சோற்றை அப்படியே கொட்டுகிறாள், யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாருடைய அம்மா திருப்பூர் போய் ஆறு மாசமாக வரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். மார்க் போடுகிற கை அவருடையது அல்ல, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அடுத்து பி.இ.டி. சார். அவரோடு பிள்ளைகள் கூடுதல் நேரம் இருந்தால் இன்னும் சொல்வார்கள், ஆனால் அவருடைய பீரியடைத்தான் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருக்கிறோம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் பொதுவெளியிலேயே இப்படிக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். டிசம்பர் வரைக்கும் கேட்டோம்.

எங்களிடம் சொல்லாததற்குக் காரணம் பயம் மட்டும் அல்ல, நேரமும்தான். இடைவேளையில் ஒரு பெண் “மிஸ், ஒண்ணு சொல்லணும்” என்று வந்தால் என் கையில் போன் இருக்கும், அதில் பள்ளி விவரங்களை எல்லாம் ஏற்றுகிற கல்வித்துறையின் எமிஸ் ஆப் வருகைப்பதிவில் சுற்றிக்கொண்டிருக்கும். “சாயங்காலம் சொல்லும்மா” என்றால் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், அது முடிந்தால் அவளுடைய கடைசி டவுன் பஸ். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்” என்பார்கள். அந்தச் சத்தியத்தைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்த உடனே புகார் கொடுத்தாக வேண்டும், மறைத்தால் தண்டனை. அது சரியான சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புகாருக்கும் அடுத்த நாள் காலைக்கும் நடுவில் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது யார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் சத்தியம் செய்யாமல், “உனக்கு ஆபத்துன்னா சொல்லவேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்கிறேன். அதைக் கேட்டுவிட்டு சில பேர் எழுந்து போய்விடுகிறார்கள். சில பேர் அடுத்த வாரம் வருகிறார்கள்.

ஆசிரியர்கள் பலருக்கு இருக்கிற ஒரு பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினாலோ நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாலோ, அதைப் பற்றி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது என்பது மனநல மருத்துவர்கள் ஒருமித்துச் சொல்கிற விஷயம். நேராகக் கேட்கலாம், “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்றே கேட்கலாம். கேட்டுவிட்டு அட்வைஸ் பண்ணாமல் இருப்பதுதான் கஷ்டம், எங்கள் தொழிலே அட்வைஸ். ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது, வீட்டிலிருந்து நம்பகமான ஒருவரை வரவழைக்க வேண்டும், அவர்கள் எதிரிலேயே நம் போனில் 14416-க்கு அடித்துப் பேசவைக்கலாம். சுவரில் இருக்கிற எண் அப்படித்தான் உபயோகப்படும், நடுவில் ஒரு பெரியவர் இருந்தால்.

சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாநிலம் மறக்கக் கூடாத ஒரு பெயர் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன், கூடப் படிக்கிறவர்களின் சாதித் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றான். பள்ளியிலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சரியானதைத்தான் அந்தப் பையன் செய்தான், நாமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை அப்படியே செய்தான். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற கலர் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னதைப் பற்றித்தான் டி.வி.யில் விவாதம் நடந்தது. அதே அறிக்கையில் 500 பேருக்கு மேல் படிக்கிற உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பயிற்சிபெற்ற ஓர் உளவியல் ஆலோசகர் என்றும் பரிந்துரைகள் உண்டு. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, அதனாலேயே யாருக்கும் தெரியவில்லை. மனநலத்தையும் சாதியையும் தனித்தனி அறையில் வைத்துப் பேச முடியாது. பின்பெஞ்சில் இருபது பேர் தினமும் ஒருவனைச் சாதி சொல்லிச் சீண்டினால் அவனுக்குத் தூக்கம் வராது, அவனுக்கு நோய் ஒன்றும் இல்லை, நோய் அந்த இருபது பேரிடம் இருக்கிறது.

உண்மையாகவே மருத்துவம் தேவைப்படுகிற பிள்ளைகளின் பாதை வேறு. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, தாலுகா மருத்துவமனைக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மனநல மருத்துவர் வருவார், மருந்து இலவசம். ஆனால் அந்த நாள் பள்ளி நாள். பாட்டிதான் கூட்டிப்போக வேண்டும், பாட்டிக்கு நூறு நாள் வேலை, ஒருநாள் போனால் கூலி போச்சு. ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மூன்று நிமிஷம் பேசி, ரெண்டு வார மாத்திரை வாங்கி வந்தால், அடுத்த ரெண்டு வாரத்தில் தூக்கம் தெளிந்து பிள்ளை கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்ததும் “சரியாப் போச்சு, இனி எதுக்கு” என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி மூன்றாவது முறையும் மருத்துவரிடம் போனதற்குக் காரணம் எங்கள் சத்துணவு அக்காதான், லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். அக்காவுக்கு அன்றைய லீவு சம்பளத்தில் கழிந்தது.

ஆக, வேண்டியது ஓர் ஆள். பள்ளியிலேயே இருக்கிற, மார்க் போடாத, சிலபஸ் முடிக்க வேண்டாத, அடுத்த வருஷமும் இதே பள்ளியில் இருப்பார் என்று பிள்ளைகள் நம்பக்கூடிய ஓர் ஆள். கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை மூலமாக நிறைய அரசுப் பள்ளிகளில் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு காலத்தில் நடமாடும் உளவியல் ஆலோசனை மையம் என்று வேன் வரும், ஒரு வேனுக்குப் பல மாவட்டம், வருஷத்துக்கு ஒருமுறை வந்து மைக்கில் பேசிவிட்டுப் போவார்கள். வேனில் வந்தவரைக் குறை சொல்ல முடியாது, நல்ல மனிதர், ஆனால் பிள்ளை பேசலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வேன் அரூர் தாண்டியிருக்கும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்றது. மதிப்பெண்ணை வைத்துப் பிரித்து உட்காரவைக்காதீர்கள், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தாதீர்கள் என்று பயிற்சி மையங்களுக்கும் சொன்னது. 100 பேர் என்று வைத்துக்கொண்டால் எங்கள் ஒன்றியத்தில் எத்தனை பள்ளி வரும் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை, எமிஸிலேயே இருக்கிறது, நாங்கள்தான் ஏற்றினோம்.

ஆள் போடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம், எப்படிப் போடுவார்கள் என்பதில்தான் என் கவலை. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கம்ப்யூட்டர் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். அப்போது மே மாதம் சம்பளம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காக அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியதும் கைதாகி மண்டபத்தில் இருந்ததும் செய்தியில் வந்ததுதான். எம்.எஸ்சி. உளவியலோ சமூகப் பணிக்கான எம்.எஸ்.டபிள்யூ.வோ படித்த ஒருவரை இதே மாதிரி தொகுப்பூதியத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு எடுத்து, வாரத்துக்கு ஐந்து பள்ளி என்று பிரித்துவிட்டால், தனியார் பள்ளியில் இடம் கிடைத்த அன்றைக்கே கிளம்பிவிடுவார், அவர்மேல் தப்பில்லை. அவரிடம் பாதி சொல்லி வைத்திருந்த பிள்ளை இன்னொருவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்காது. அதனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர்கள், முன்னாள் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், கவுன்சிலர் வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போடாதீர்கள், நிரந்தரப் பணியிடம், ஒரு பள்ளிக்கு ஒருவர், கதவு சாத்துகிற ஒரு தனி அறை என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் பள்ளியில் அறைக்கு உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கிற பழைய லேப் இருக்கிறது, பெஞ்சை ஏலம் விட அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம்.